கம்பத்தின் மேல் ஒருவன்

1

தனிமையைப் பற்றி நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. நம் சிறுபத்திரிகைகளில் வந்த கவிதைகளைப் பத்து வருஷத்துக்குச் சேர்த்து வைத்துப் படித்தால், அதிகம் புழங்கும் சொல் தனிமை என்றும் அதற்கு அடுத்தது ஜன்னல் என்றும் பந்தயம் கட்டலாம். ஜன்னலோரம் ஒருவன் நிற்கிறான். வெளியே மழை பெய்கிறது, அல்லது வெயில் காய்கிறது. அவனுக்குள் ஏதோ ஒன்று வெறுமையாக இருக்கிறது. அவன் யார், என்ன வேலை பார்க்கிறான், பகல் பதினோரு மணிக்கு அவனால் எப்படி ஜன்னலோரம் நிற்க முடிகிறது, மாதம் பிறந்தால் வாடகை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கவிதையில் இடமில்லை. கேட்டால் கேட்டவனுக்கு ரசனை போதாது என்று பொருள். தனிமை என்பது மனித இருப்பின் நிரந்தர நிலை, அதற்குக் காலம், தேசம், சம்பளப் பட்டியல் எதுவும் கிடையாது என்று நமக்குள் ஒரு பேசாத உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டிருக்கிறது. நானும் அப்படி எழுதியவன்தான். ஆகவே இதைக் குற்றச்சாட்டாக அல்ல, ஒப்புதல் வாக்குமூலமாகவே சொல்கிறேன்.

இந்த உடன்படிக்கையின் மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணமாக இருந்தது ஒரு அமெரிக்கப் பாட்டு. மூன்று நிமிஷப் பாட்டு. 1968-ல் வந்தது. பெயர் 'விச்சிட்டா லைன்மேன்'. எழுதி மெட்டமைத்தவர் ஜிம்மி வெப்; பாடியவர் க்ளென் காம்பெல். கன்ட்ரி-பாப் என்று அவர்கள் சொல்லும் ரகம்: தென்மாநிலக் கிராமத்துப் பாட்டின் குரலையும் சாயலையும் எடுத்துக்கொண்டு, பின்னால் நகரத்து வயலின் கூட்டத்தை நிறுத்தி, தேசம் முழுக்க விற்பதற்கென்றே தயாரிக்கப்படும் சரக்கு. இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் கவிஞர் நண்பர் ஒருவர், 'ஹிட் பாட்டுக்கெல்லாமா விமர்சனம்?' என்றார். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்லும் பதிலும்கூட.

2

கன்ட்ரி இசை என்பதன் பதிவுச் சரித்திரத்தை வழக்கமாக 1927-லிருந்து தொடங்குவார்கள். அந்த வருஷம் விக்டர் கம்பெனிக்காக ரால்ப் பியர் என்பவர் டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஊருக்கு ஒலிப்பதிவு யந்திரத்தோடு வந்தார். சுற்றுவட்டாரத்துப் பாடகர்கள் வந்து பாடினார்கள். அவர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். மிஸிஸிப்பி மாநிலத்துக்காரர், ரயிலில் பிரேக் போடும் தொழிலாளியாக இருந்தவர். காசநோய் வந்து ரயில் வேலைக்கு லாயக்கற்றவரானார். 1933-ல், முப்பத்தைந்து வயதில், நியூயார்க்கில் ஒலிப்பதிவுக்காக வந்திருந்த இடத்தில் இறந்தார். பாடகராகப் பிரபலமான பிறகும் அவரை 'பாடும் பிரேக்மேன்' என்றுதான் விளம்பரப்படுத்தினார்கள். அவருடைய பாட்டுகளில் வரும் தனியனுக்கு ரயில் ஒரு படிமம் அல்ல. வேலை செய்த இடம், வேலை போன பிறகு ஏறிச் செல்லும் வாகனம், ஏறினால் இறக்கிவிடப்படும் இடம்.

இருபது வருஷம் கழித்து ஹாங்க் வில்லியம்ஸ் வருகிறார். தனிமையில் அழுகை முட்டிக்கொண்டு வருவதைச் சொல்லும் அவருடைய 1949-ஆம் வருஷப் பாட்டை, இந்த மரபின் உச்சம் என்று சொல்பவர்கள் பலர். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அந்தப் பாட்டிலும் ரயில் உண்டு. ஆனால் இப்போது அது நடுநிசியில் தூரத்தில் கேட்கும் ஓசை. பறவை, நிலா, உதிரும் இலை, விழும் நட்சத்திரம் எல்லாமே பாடுகிறவனுக்காகத் துக்கம் காக்கின்றன. பிரபஞ்சம் முழுக்க அவனுக்கு உறவுக்காரர்கள். அவன் என்ன தொழில் செய்கிறான் என்று பாட்டு சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அதற்கும் அடுத்த கட்டம் 1957 வாக்கில் தொடங்குகிறது. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனையைத் தின்றுகொண்டிருந்த சமயம். நாஷ்வில் நகரத்தில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிராமத்து ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வயலின் குழுவையும் மெல்லிய கோரஸையும் முன்னால் கொண்டுவந்தார்கள். இதற்கு 'நாஷ்வில் ஸவுண்ட்' என்று பெயர். அந்த ஸவுண்ட் என்றால் என்ன என்று கேட்டவரிடம் அட்கின்ஸ் சட்டைப்பையில் கிடந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினாராம்; பிரசித்தமான கதை. ஜிம் ரீவ்ஸ் பாடிய 'ஃபோர் வால்ஸ்' 1957-ல் வந்தது. வில்லி நெல்ஸன் எழுதி பாட்ஸி க்ளைன் பாடிய 'க்ரேஸி' 1961-ல் வந்தது. இரண்டும் நல்ல பாட்டுகள். ஆனால் தனிமை இப்போது அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. ரயிலில் வேலை பார்த்தவன், ரயில் ஓசையைக் கேட்டவனாகி, கடைசியில் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனாகிறான். முப்பது வருஷத்தில் தனியனின் கையிலிருந்து வேலை நழுவிவிட்டது. நம் ஜன்னலோரக் கவிதைக்கு இவன் ஒன்றுவிட்ட சகோதரன்.

வேலையைப் பற்றிய பாட்டுகள் இல்லாமல் போய்விடவில்லை. மெர்ல் ட்ராவிஸ் 1946-ல் பதிவு செய்த நிலக்கரிச் சுரங்கப் பாட்டு இருக்கிறது. 1955-ல் டென்னஸி எர்னி ஃபோர்ட் பாடிப் புகழ் பெற்றது. அதில் வேலை உண்டு, கடன் உண்டு. ஏங்குவதற்கு ஒருத்தி இல்லை. 1963-ல் டேவ் டட்லி பாடிய லாரி ஓட்டுநரின் பாட்டில் வேலையும் ஏக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அவன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். அந்த உற்சாகத்தில் பாட்டு ஓடுகிறது. பொதுவாகச் சொன்னால் காதல் ஒரு ரகப் பாட்டுக்கும் உழைப்பு இன்னொரு ரகப் பாட்டுக்கும் என்று பாகப்பிரிவினை ஆகியிருந்தது. 'விச்சிட்டா லைன்மேன்' வருவது இந்த இடத்தில்.

3

பாட்டுக்கு முன்னால் கம்பியைப் பற்றி.

வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் தந்தி அனுப்பியது 1844-ல். 1861 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் தந்திக் கம்பி இணைத்தது. குதிரைமேல் கடிதம் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் அதோடு மூடப்பட்டது. பிறகு தொலைபேசி, பிறகு மின்சாரம். இந்தச் சரித்திரங்களில் மோர்ஸ், பெல், எடிசன் என்று பெயர்கள் வரும். கம்பத்தில் ஏறியவர்களின் பெயர்கள் வருவதில்லை. வரும் ஒரு பெயர் ஹென்றி மில்லர். ஊர் ஊராகப் போய்க் கம்பி கட்டிய லைன்மேன். 1891-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பத்துப் பிரதிநிதிகள் கூடி மின்தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானவர். 1896-ல் வாஷிங்டனில் கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி, கீழே விழுந்து இறந்தார். தலைவரான பிறகும் கம்பத்தில் ஏறித்தான் அவர் பிழைக்க வேண்டியிருந்தது.

கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது மிகவும் தாமதமாக. 1930-களின் மத்தியில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. மைலுக்கு இரண்டு வீடு இருக்கும் இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. 1935-ல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்தி, கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. 1949-லிருந்து இதே நிர்வாகம் கிராமத் தொலைபேசிக்கும் கடன் கொடுத்தது. இந்தக் காலத்தில்தான் ஓக்லஹோமா, கான்ஸஸ் சமவெளிகளில் கம்பங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. மலை இல்லை, மரம் அபூர்வம். கண்ணுக்கெட்டியவரை தரையைவிட உயர்ந்து நிற்பது கம்பம் ஒன்றுதான்.

அந்தச் சமவெளியில் காரில் போய்க்கொண்டிருந்தவர் ஜிம்மி வெப். 1946-ல் ஓக்லஹோமாவின் எல்க் சிட்டியில் பிறந்தவர், பாப்டிஸ்ட் போதகரின் மகன். வாஷிட்டா என்ற மாவட்டத்தில், அஸ்தமனச் சூரியனைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகையில், ஒரே மாதிரியான கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. ஒரு கம்பத்தின் உச்சியில் மட்டும் ஒரு மனிதன். கையில் பரிசோதனைத் தொலைபேசி. காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். யாரோடு பேசுகிறான்? பார்த்தது அவ்வளவுதான். கார் கடந்துபோய்விட்டது. பாட்டு எழுதும்போது வாஷிட்டா, விச்சிட்டாவாயிற்று. பாடுவதற்கு அந்த ஓசை இணக்கமாக இருந்தது என்பதுதான் காரணம்.

4

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இது ஆர்டரின் பேரில் செய்யப்பட்ட பாட்டு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வெப் எழுதிய 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' என்ற பாட்டை 1967-ல் காம்பெல் பாடி வெற்றி பெற்றார். அடுத்த வருஷம் காம்பெல் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊர்ப் பெயர் வருகிற மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். ஜவுளிக் கடையில் அதே கரை போட்ட புடவை இன்னொன்று கேட்பது போல. வெப்புக்கு இருபத்தொரு வயது. அன்று பிற்பகலே உட்கார்ந்து இரண்டு சரணம் எழுதினார். மூன்றாவது வரவில்லை. இன்னும் முடியவில்லை என்ற தகவலோடு, இருக்கிறதை அனுப்பிவைத்தார். பிறகு பேச்சே இல்லை. பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார். காம்பெலைச் சந்தித்தபோதுதான் அதைப் பதிவு செய்தே முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

பதிவு நடந்தது 1968 மே மாதக் கடைசியில், ஹாலிவுட்டில், காபிடல் கம்பெனியில். தயாரித்தவர் ஆல் டிலோரி. வாத்தியக் கோவையும் அவருடையது. அவர் உறவினர் ஒருவரே கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் லைன்மேனாக இருந்தவர். வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் கூலி வித்வான்கள். பிற்காலத்தில் 'ரெக்கிங் க்ரூ' என்று பெயர் பெற்ற கூட்டம். சங்க விதிப்படி மூன்று மணி நேரம் ஒரு ஷிப்ட். ஷிப்டுக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் விளம்பரப் பாட்டு, பிற்பகலில் சினிமா, இரவில் யாரோ ஒரு நட்சத்திரத்தின் இசைத்தட்டு. தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் கூலி அதேதான். உறையில் பெரும்பாலும் பெயர் இருக்காது. காம்பெலே இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். 1936-ல் ஆர்க்கன்ஸாஸ் மாநிலத்தில் டிலைட் என்ற ஊரருகே, வாரத்துக்கு உழுத குடும்பத்தில், பன்னிரண்டு குழந்தைகளில் ஏழாவது மகனாகப் பிறந்தார். அவர் வளர்ந்த வீட்டில் மின்சாரம் இல்லை. ஸியர்ஸ் ரோபக் கம்பெனியின் தபால் விற்பனையில் அப்பா தருவித்துக் கொடுத்த மலிவு கிதார்தான் அவருடைய பள்ளிக்கூடம். பெயர் வருவதற்கு முன் அவர் பிறருடைய நூற்றுக்கணக்கான தட்டுகளுக்குக் கிதார் வாசித்தவர்.

கம்பி எட்டாத வீட்டில் வளர்ந்த பையன் கம்பிக்காரனின் பாட்டைப் பாடுகிறான். உடன் வாசிப்பவர்கள் மணிக்கணக்குக்கு வேலை செய்பவர்கள். இதை நான் பாட்டுக்கு வெளியே இருக்கும் தகவலாக நினைக்கவில்லை. மூன்றாவது சரணம் இல்லையா, சரி, அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று கைவேலைக்காரர்கள் யோசித்தார்கள். கூட்டத்தில் பாஸ் வாசித்த பெண்மணி காரல் கேய். அவரிடமிருந்து டானெலக்ட்ரோ என்ற ஆறு தந்தி பாஸ் கிதாரை வாங்கி, காம்பெல் அந்த வெற்றிடத்தில் மெட்டையே மந்திர ஸ்தாயியில் வாசித்தார். சாதாரண கிதார் இறங்க முடியாத ஆழத்தில், சற்றே மூக்கடைத்த குரல் போல ஒரு நாதம். சொல் தீர்ந்துபோன இடத்தில் தந்தி பேசுகிறது. தந்தியைப் பற்றிய பாட்டில் இதைவிடப் பொருத்தமான மூன்றாவது சரணத்தை வெப் எழுதியிருக்க முடியாது. பாட்டின் முடிவில் பனித்துளி சொட்டுவது போல ஒரு ஓசை வரும். அது வெப்பின் வீட்டிலிருந்த சர்ச் ஆர்கன். அதைப் பெயர்த்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கலைஞனின் சுதந்திரம் என்று நாம் மந்திரம் போல் உச்சரிப்பதற்கு ஒரு எதிர்ச் சான்றும் அதே வருஷத்தில் இருக்கிறது. அதே வெப் 1968-ல் ரிச்சர்ட் ஹாரிஸ் பாடுவதற்கு 'மெக்ஆர்தர் பார்க்' என்ற பாட்டைக் கொடுத்தார். ஏழு நிமிஷத்துக்கும் மேல். பல பகுதிகள், பெரிய வாத்தியக் கோஷ்டி, நினைத்த இடத்துக்கெல்லாம் போகும் படிமங்கள். அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது காற்றடைத்த பலூன். கட்டுப்பாடுதான் கலையை உண்டாக்கும் என்று சூத்திரம் சொல்ல வரவில்லை. ஆர்டரின் பேரில் எழுதப்பட்ட குப்பையை எல்லோரும் அறிவோம். ஆனால் ஒரு படைப்பு யாருக்காக, எவ்வளவுக்கு, எத்தனை மணி நேரத்தில் செய்யப்பட்டது என்பதை வைத்து அதன் உண்மையைத் தீர்மானிக்க முடியாது. படைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

5

பார்ப்போம். பாட்டு இரண்டே சரணம். பேசுகிறவன் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் தகவல் தன் வேலை. இரண்டாவது, தனக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. காதல் பாட்டில் கதாநாயகன் இப்படி அறிமுகமாவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பிறகு பார்வையிட வேண்டிய பாதை, வெயில், அளவுக்கு மீறிய பாரம். அதற்குப் பிறகுதான் அவள் வருகிறாள். அவளும் நேராக வருவதில்லை. கம்பியின் ரீங்காரத்தில் அவள் குரல் கேட்கிறது. இதைக் கவிக்கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். இழுத்துக் கட்டிய கம்பியின் குறுக்கே காற்று வீசும்போது சுழல்கள் உண்டாகி, கம்பி அதிர்ந்து, பாடவே செய்யும். அது லைன்மேன் தினமும் கேட்கும் சப்தம். வேலையின் சப்தத்துக்குள்தான் அவள் இருக்கிறாள். வேலையை விட்டால் அவளும் இல்லை.

இரண்டாவது சரணம் லீவு விண்ணப்பம் போலத் தொடங்குகிறது. கொஞ்சம் ஓய்வு வேண்டும். ஆனால் வானிலை இடம் கொடுக்கவில்லை. மழைக்கு அறிகுறி இல்லை. தெற்கே பனி விழுந்தால் அந்தப் பாரத்தைக் கம்பி தாங்காது. ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அங்கே இயற்கை அவனுக்காக அழுதது. இங்கே மழையும் பனியும் அவனுக்காக எதுவும் செய்வதில்லை. அவை வேலைப் பளு. கம்பியின் மேல் இத்தனை பவுண்டு. பொருள்வயிற் பிரிந்தவனுக்குக் கார்காலம் திரும்பி வரும் கெடு என்று படித்து வளர்ந்த நமக்கு, மழையே இல்லாத இந்த வானம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். இவனுக்குக் கெடுவும் கிடையாது.

பிறகு பாட்டின் மிகப் பிரசித்தமான இரட்டை அடி. தேவை, ஆசை என்ற இரண்டு வினைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை மற்றொன்றைவிடப் பெரிதாக்கி, உடனே ஆசைக்குக் காலத்தின் முடிவில்லாத நீளத்தைக் கொடுத்துச் சமன் செய்கிறது. சுமை எவ்வளவு, தாங்குதிறன் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பழகியவனின் காதல் மொழி இது. இந்த அடிகளின் இயைபு சரியாக விழவில்லை. ஒன்று 'ம்' என்றும் மற்றது 'ன்' என்றும் முடிகிறது. பிற்காலத்தில் வெப்பே தன்னை இதற்காகக் கடிந்துகொண்டதுண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. இரண்டு முனைகளும் ஒட்டாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்கின்றன. இந்தப் பாட்டுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

சங்கீதத்திலும் அதே கதை. பாட்டு எஃப் சுருதியில் வீடு கட்டிக்கொள்வது போலத் தொடங்கி, சரணத்தின் பாதியிலேயே டி பக்கம் நகர்ந்துவிடுகிறது. புறப்பட்ட சுருதியில் வந்து உட்காரும் நிம்மதியைக் கேட்பவனுக்கு அது கொடுப்பதே இல்லை. கடைசியில் முடிவும் இல்லை. ஒலி மெல்லத் தேய்ந்து மறைகிறது. அவன் இன்னமும் வேலையில்தான் இருக்கிறான் என்பதுதான் கடைசித் தகவல். 'லைனில் இருக்கிறேன்' என்பதற்குக் கம்பத்தில் இருக்கிறேன் என்றும் தொலைபேசியில் காத்திருக்கிறேன் என்றும் இரண்டு அர்த்தம் உண்டு. நம் ஊர்த் தமிழிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருப்பதால் இந்த ஒரு சிலேடைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

வயலின்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கன்ட்ரி இசையைக் கெடுத்தவை என்று சுத்த வாதிகள் திட்டிய அதே வயலின்கள். டிலோரி அவற்றை இங்கே அலங்காரத்துக்காக வைக்கவில்லை. உச்சஸ்தாயியில் நீண்டு நிற்கும் ஒற்றை இழை கம்பியாகவே ஆகிவிடுகிறது. நடுவில் தந்தி அடிப்பது போல ஒரே ஸ்வரம் விட்டுவிட்டு ஒலிக்கிறது. சில இடங்களில் சர்க்கரை கூடிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராமத்துக் குரலும் நகரத்து வாத்தியமும் ஒட்டாமல் ஒட்டியிருக்கும் இந்த ரகத்துக்கு, இரண்டு இடங்களை இணைக்கும் கம்பியைவிடப் பொருத்தமான விஷயம் கிடைத்ததில்லை. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாவது பற்றி நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இங்கே அது ஒரு ஷிப்டில் நடந்திருக்கிறது.

அவள் யார்? விட்டுப் போனவளா, காத்திருப்பவளா, இறந்தவளா? பாட்டு சொல்லவில்லை. சொல்லாததால்தான் பழியை அவள் மேல் போட முடிவதில்லை. அவனைத் தனியாக்கியது அவள் அல்ல, தூரம். தூரத்தை உண்டாக்கியது வேலை. அந்த வேலையோ, மற்றவர்களுக்கிடையே இருக்கும் தூரத்தைப் போக்குவது. ஆயிரம் பேர் பேசிக்கொள்வதற்காக ஒருவன் பேச ஆளில்லாத இடத்தில் நிற்கிறான். இந்தத் தனிமைக்கு 1844-க்கு முன்னால் சாத்தியமே இல்லை. ஆகவே இது நிரந்தரமானதல்ல. தேதி போட்ட தனிமை.

6

அந்த 1968-ஆம் வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. வியட்நாமில் யுத்தம். ஏப்ரலில் அமெரிக்கத் தொலைபேசித் தொழிலாளர்களின் நாடு தழுவிய வேலைநிறுத்தமும் நடந்தது. 1947-க்குப் பிறகு அவ்வளவு பெரிதாக நடந்தது அதுதான். அக்டோபரில் வெளியான இந்தப் பாட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்கும் பொதுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கும் போயிற்று. இதில் எதிர்ப்பு இல்லை, முறையீடு இல்லை, ஆகவே முற்போக்கு இல்லை என்று ஒருவர் சொல்லலாம். பாட்டாளிப் பாட்டு என்று நான் இதற்குச் சீட்டு ஒட்ட வரவில்லை. ஆனால் வேலை செய்கிறவனுக்கும் அகம் உண்டு, அந்த அகத்தை அவன் வேலையிலிருந்து பெயர்த்தெடுத்துக் காட்ட முடியாது என்பதை, முறையீட்டுப் பாட்டுகள் பல சொல்லாமல் விட்டதை, இந்த வியாபாரச் சரக்கு சொல்லியிருக்கிறது.

காம்பெல் பிறகு டெலிவிஷன் நட்சத்திரமானார். 1969 முதல் 1972 வரை வாராவாரம் அவருடைய நிகழ்ச்சி நடந்தது. இதற்கு ஈடாக அவர் பாடியவை குறைவு. 2011-ல் அவருக்கு அல்ஸைமர் நோய் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் மேடை ஏறினார். பாட்டு வரிகளை எதிரே திரையில் ஓடவிட வேண்டியிருந்தது; கிதாரில் மட்டும் கை தவறவில்லை. அந்தப் பயணத்தை எடுத்த ஆவணப்படம் 2014-ல் வந்தது. 2017 ஆகஸ்டில் நாஷ்வில்லில் காலமானார். சொல் போன பிறகும் கைத்தொழில் மிஞ்சியது என்பதைக் கேட்டபோது எனக்கு அந்த மூன்றாவது சரணம்தான் நினைவுக்கு வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இப்போது இந்தப் பாட்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தஸ்து வந்துவிட்டது, இனி நண்பரும் தயக்கமில்லாமல் கேட்கலாம்.

நான் வங்கியில் எழுத்தன். கணினித் தொடர்பு அறுந்துபோனால் கௌண்ட்டருக்கு வெளியே வரிசை நிற்கும். உள்ளே நாங்கள் 'லைன் இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். எங்கோ ஒருவன் ஏறிச் சரி செய்தால்தான் உண்டு. அவனை நான் பார்த்ததில்லை. இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு அப்படி ஒருவன் இருக்கிறான் என்ற பிரக்ஞையாவது வந்திருக்கிறது.

சென்ற மாதம் என் பழைய கவிதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் நிற்பவன் கவிதைதான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவிவிட்டு, பத்து நிமிஷம் நிற்கிறான் என்று மாற்றினேன். கவிதை தேறவில்லை. முதல் வரியிலிருந்தே அவன் எந்த வேலைக்கும் தயாராக இல்லை. இத்தனை நாள் அதை ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.